படம் பார்த்தார்கள், பரிசோதனைக்கு வரவில்லை

வாசகர் கேள்வி – பதில்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வுப் படங்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழு சார்பில் கோயில் திடலில் படம் போட்டோம். ஊரே கூடியது. மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்கள் மூன்றே பேர். எங்கே பிசகியது?
– குழுத் தலைவி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஊரே கூடியதுதான் முதல் பிசகு. மாமனாரும் கொழுந்தனும் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் எழுந்து சந்தேகம் கேட்பாள்? திடலில் போடுவதானால் 5 நிமிடப் படம் போதும். இது தடுக்கக்கூடிய நோய், பரிசோதனை எங்கே, எந்தத் தேதியில் என்ற அளவோடு நிறுத்துங்கள். ஆண்களுக்கும் அது தெரிய வேண்டும்; வீட்டில் "எதுக்கு இப்போ ஆஸ்பத்திரி?" என்று கேட்பது அவர்கள்தானே. முழுப் படத்தை அங்கன்வாடியிலோ குழுக் கட்டடத்திலோ, பெண்களுக்கு மட்டும், 20, 25 பேராக உட்கார வைத்துப் போடுங்கள். மாலை 7 மணி வேண்டாம். சமையலோடும் சீரியலோடும் மோதி யாரும் ஜெயித்ததில்லை.

அடுத்தது, படத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலான படங்கள் நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு என்று அறிகுறிகளை அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு தாயைச் சாகடிக்கின்றன. அறிகுறி இல்லாதவள் "நமக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து போகிறாள். அறிகுறி இருப்பவள் பயந்துபோய், தெரியாமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறாள். உண்மையில் இந்தப் பரிசோதனை ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கானது. இந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) கிருமி தொற்றி அது புற்றாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் புற்று வராமலே தடுத்துவிடலாம். படம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். இரத்தக்கசிவு போன்ற அறிகுறி இருப்பவர்கள் முகாம் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தேதி. படம் முடிந்ததும் கையில் ஒரு சீட்டு கொடுங்கள். அதில் 10 நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் இருக்கட்டும். மாதவிலக்கு நாளில் பரிசோதனை செய்ய முடியாது. ஒரே தேதி என்றால் அன்று விலக்கானவர் அப்படியே விட்டுவிடுவார். சுகாதார நிலையத்தில் அந்தச் சீட்டுகளை வாங்கி வையுங்கள். எத்தனை பேர் படம் பார்த்தார்கள் என்பதை விட எத்தனை சீட்டு திரும்பி வந்தது என்பதே கணக்கு.

கேள்வி: இதே பொருளில் குறும்படம் எடுக்கிறோம். பரிசோதனையை எவ்வளவு தூரம் காட்டலாம்?
– ஊடகத் துறை மாணவி, திருச்சி

பதில்: முழுவதும் காட்டுங்கள், உடலைக் காட்டாமல். பெண்கள் பயப்படுவது நோய்க்கு மட்டுமல்ல, திரைக்குப் பின்னால் என்ன செய்வார்களோ என்பதற்கும்தான். பெயர் பதிவது, பெண் செவிலியர் கதவைச் சாத்துவது, இடுப்புக்குக் கீழே துணி போர்த்துவது எல்லாம் நடிகையை வைத்தே எடுக்கலாம். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் கருவி) உள்ளே போவதும் கர்ப்பப்பை வாய் தெரிவதும் கோட்டோவியமாக இருக்கட்டும். பிறகு 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) பஞ்சில் தொட்டுத் தடவி 1 நிமிடம் காத்திருப்பார்கள். அந்த நிமிடத்தை வெட்டிவிடாதீர்கள், முழுசாக ஓடட்டும். மாறுபட்ட திசு வெள்ளையாகத் தெரியும் என்பதையும், வெள்ளை தெரிந்தாலே புற்று என்று அர்த்தமில்லை என்பதையும் அதற்குள் பின்னணிக் குரல் சொல்லிவிடலாம். ஆரம்ப மாற்றம் என்றால், தகுதி உள்ளவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் குளிரவைத்தோ சூடாக்கியோ அழித்துவிட முடியும். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் விட்ட படம் அரைப் படம்.

மொத்தம் 10 நிமிடத்துக்குள் முடியுங்கள். பரிசோதனைக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, புது பிளாஸ்டிக் ஸ்பெகுலம் ஒன்றைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுக்கச் சொல்லுங்கள். "இவ்வளவுதானா?" என்று யாராவது கேட்பார்கள், பேச்சு அங்கே தொடங்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: சுத்தக் குறைவு, ஒழுக்கக் குறைவு என்று பழி போடும் வசனம். ஹெச்.பி.வி. உடலுறவால் பரவுவதுதான். ஆனால் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும். பலருக்கு ஓரிரு ஆண்டில் தானே போய்விடும்.

கேள்வி: வினிகரைத் தடவிப் பார்ப்பது ஏழைகளுக்கான மட்டமான பரிசோதனை என்கிறார் என் உறவினர். கூட்டத்தில் யாராவது இப்படிக் கேட்டால்?
– கிராம சுகாதார செவிலியர், தேனி

பதில்: திண்டுக்கல் மாவட்டத்தைச் சொல்லுங்கள். அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். பரிசோதனைத் திட்டம் நடந்த பகுதிகளில், நடக்காத பகுதிகளை விட இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட முடிவு இது. குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். மாதவிலக்கு நின்றவர்களில் பலருக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இது சரிவராது. ஹெச்.பி.வி. மரபணுப் பரிசோதனை இதை விடத் துல்லியம். வசதி உள்ள இடத்தில் அதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

கேள்வி: கர்ப்பப்பையை எடுத்தவர்களும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனைக்கு வர வேண்டுமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: புற்றல்லாத கட்டி போன்ற காரணத்துக்காகக் கர்ப்பப்பை வாயோடு சேர்த்து எடுத்திருந்தால், முன்பு மாற்றம் எதுவும் இருந்ததில்லை என்றால், பொதுவாகத் தேவையில்லை. வாயை விட்டு வைத்திருந்தால் தேவை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். தடுப்பூசி 9 முதல் 14 வயதில் போடுவது நல்லது. புற்றை உண்டாக்கும் எல்லா வகைக் கிருமியையும் அது தடுக்காது, அதனால் போட்டவர்களும் 30 வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும். தடுப்பூசியால் குழந்தை பிறக்காது என்ற பேச்சு வதந்தி.

கேள்வி: வாடகை புரொஜெக்டரில் படம் மங்கல், சத்தமும் வரவில்லை.
– இளைஞர் மன்றம், பெரியகுளம்

பதில்: 8 அடி அகலத் திரைக்கு 3000 ஆன்சி லூமென் (புரொஜெக்டர் வெளிச்சத்தின் தர அளவு) வேண்டும். வெறும் 'லூமென்' என்று போட்டிருக்கும் மலிவு மாடல்களை நம்பாதீர்கள். ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பித் திரையாகக் கட்டினால் அதன் பின்புறம் பளபளக்கும், நடுவில் கண் கூசும். காடாத் துணியை இரட்டையாக மடித்து இழுத்துக் கட்டுங்கள். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடியில் இருந்தால் முன்வரிசைத் தலை மறைக்காது. சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பின் ஒலி வடிவம். எம்.பி.4 கோப்பில் ஏ.ஏ.சி. ஒலியாக மாற்றி, பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, அதே புரொஜெக்டரில் முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 25 பேர்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம், 43 அங்குல டி.வி. ஒன்றே போதும், பகலிலும் தெரியும்.