கன்சல்டன்ட் போன பிறகு என்ன மிஞ்சும்? கேள்வி பதில்

கோவைப் பக்கம் ஃபவுண்டரிகளிலும் (வார்ப்பாலைகளிலும்) பம்ப் கம்பெனிகளிலும் ஆலோசகராக அலைந்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: வெளியாளைக் கூட்டி வந்தால் கம்பெனி முன்னேறும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. 2008 வாக்கில் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பக்கத்து நெசவு ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் சோதனை நடத்தினார்கள். சில ஆலைகளுக்கு ஐந்து மாதம் ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். ஒப்பிட வைத்திருந்த ஆலைகளுக்கு ஒரு மாத ஆய்வு மட்டும். முதல் வருடமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. மந்திரம் ஒன்றுமில்லை. ஸ்டோரில் எந்த நூல் எவ்வளவு கிடக்கிறது என்று எழுதி வைத்தார்கள், தறி நிற்கும்முன் பராமரித்தார்கள், துணியில் விழும் குறையைத் தினமும் கணக்கெடுத்துப் பேசினார்கள். அதுவரை ஏன் செய்யவில்லை? பக்கத்து மில்லைவிட நம் தரம் குறைவில்லை என்ற நினைப்பு பலருக்கு.

கேள்வி: ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

பதில்: வேலையைச் சொல்லாமல் விலை கேட்டால் எப்படி? லீன், அதாவது வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை என்றால், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) மத்திய அரசின் லீன் திட்டத்தில் செலவில் 90 சதவீதம் வரை உதவி உண்டு. அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: புது மாடல் பம்ப் கொண்டுவர ஆலோசகர் உதவுவாரா?

பதில்: பக்கத்துக் கம்பெனியில் கற்றதைத்தான் அவர் உங்களுக்கும் விற்பார். பின்தங்கியவர் எட்டிப்பிடிக்க அது போதும், முந்துவதற்குப் போதாது. புது மாடலுக்கு உங்கள் டிசைனரும் ஒரு நல்ல டெஸ்டிங் லேபும் வேண்டும். கோவையிலேயே சிட்டார்க் என்ற லேப் இருக்கிறது.

கேள்வி: இலவசமாக ஆள் கொடுத்தால் யார்தான் முன்னேற மாட்டார்கள்? நாமே செய்துகொள்ளலாமே!

பதில்: நியாயமான கேள்வி. அந்த மில்களில் சராசரியாக 270 பேர் வேலை செய்தார்கள். பத்துத் தறிக்காரர் அதே அளவு செலவு செய்தால் கையைச் சுடும். ஆனால் ஸ்டோர் குப்பையாக இருக்கிறது என்று முதலாளியின் மச்சானிடம் உங்கள் சூப்பர்வைசர் சொல்வாரா? வெளியாள் சொல்வார்.

கேள்வி (அதே நண்பர்): சொல்லிவிட்டு அவர் போனதும்?

பதில்: இதுதான் விஷயம். ஏறக்குறைய எட்டு, ஒன்பது வருடம் கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பழக்கிய முறைகளில் பாதி கைவிடப்பட்டிருந்தது. பழகிய மேனேஜர் வேலையை விட்டதும் முதலாளிக்கு நேரமில்லாததும் காரணம். மீதிப் பாதி நிலைத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நானே பட்டிருக்கிறேன். ஒரு ஃபவுண்டரியில் பம்ப் கேசிங்கில் (வெளி ஓட்டில்) ப்ளோ ஹோல், அதாவது வாயு அடைத்த ஓட்டை விழுந்து ரிஜெக்‌ஷன் குவிந்தது. மோல்டிங் மண்ணில் ஈரம் அதிகம். ஷிஃப்டுக்கு ஒருமுறை அளந்து கரும்பலகையில் எழுத வைத்தேன், ஓட்டை விழுவது குறைந்தது. அடுத்த வருடம் போனால் பலகையில் நான் கிளம்பிய வாரத்துத் தேதி அப்படியே இருந்தது. எழுதிக்கொண்டிருந்த பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஒருவனுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தது என் தப்பு. ஆலோசகர் பக்கத்தில் உங்கள் ஆட்கள் இரண்டு பேரை உட்கார வையுங்கள்.

கேள்வி: ஃபீஸ் ரூபாயில் சொல்லுங்களேன்?

பதில்: முன்பே சொல்லிவிட்டேன். அந்த இரண்டு பேர் யார் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி: ஐஎஸ்ஓ சான்றிதழ் மட்டும் சீக்கிரம் வாங்கித் தருவீர்களா?

பதில்: மாட்டேன்.