மூன்று நாள் மருந்துக்குப் பிறகும் காது வலி

தங்கச்சி, மூன்று வயது மகனின் காதுத் தொற்றுக்கு மூன்று நாள் அமோக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தும் காய்ச்சல் 39 டிகிரியிலேயே நிற்கிறது, இரவெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். இன்றே திரும்பக் காட்டுங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் தணியாவிட்டால் மறுபடி காதுக்குள் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் ஆக்மெண்டினுக்கு மாற்றுவார்கள். சில கிருமிகள் அமோக்சிசிலினை உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கும். ஆக்மெண்டினில் அமோக்சிசிலினோடு சேர்த்திருக்கும் கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்கிவிடும். வயிற்றால் போகலாம், சாப்பாட்டோடு கொடுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி ஊசி இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், போத்தலைக் குலுக்கினீர்களா? நான் என் மகளுக்குக் குலுக்காமல், சமையல்கட்டுக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தவள். கடைசியில் பார்த்தால் மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது! சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பாட்டி என்ன சொன்னாலும் காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கினாலோ, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாலோ தோட்டத்துக் கிளினிக்கில் நம்பருக்குக் காத்திருக்காதீர்கள். நேரே சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் காது மந்தமாக இருக்கலாம். உள்ளே தேங்கிய நீர் மெல்லத்தான் வடியும், அதற்காக இன்னொரு போத்தல் மருந்து கேட்காதீர்கள்.