குழாயைத் திறக்கும் முன் மண்ணைப் பாருங்கள்: கோல்ஃப் புல்தரை கேள்வி பதில்

கே: ஐயா, கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அங்கங்கே புல் காய்கிறது. தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் தேறவில்லை.

ப: காய்ந்த இடத்தில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு மண் உருளை எடுங்கள். படுக்கவைத்து, மேல்முனை முதல் அடிவரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். துளி உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றால், மணல் நீரை விலக்குகிறது என்று அர்த்தம். மட்கிய பொருளிலிருந்து வரும் மெழுகு மணல் துகளைப் போர்த்திவிடுகிறது. எவ்வளவு ஊற்றினாலும் பக்கவாட்டில் வழிந்துபோகும். சிறு துளைகள் போட்டு, வெட்டிங் ஏஜென்ட் (மணல் நீரை ஏற்கச் செய்யும் மருந்து) கொடுத்து, ஹோஸ் பிடித்துக் கையால் நனையுங்கள்.

உருளை கறுத்து அழுகல் வாடை அடித்தால் கதையே வேறு. வேருக்குக் காற்று இல்லை. அங்கே இன்னும் தண்ணீர் விட்டால் புல் செத்துவிடும். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வாட்டம்தான். அதனால்தான் தோண்டச் சொல்கிறேன்.

கே: காலையில் காசளவு வெளிறிய வட்டங்கள். என்ன மருந்து?

ப: டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விடிந்ததும் பனியைத் தட்டிவிடுங்கள், சாயங்காலத் தண்ணீரை நிறுத்துங்கள், தழைச்சத்து குறைவா என்று பாருங்கள். மருந்து அப்புறம்.

கே: பந்து இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று கமிட்டி நெருக்குகிறது. வெட்டும் உயரத்தை 3 மி.மீ.க்குக் கீழே இறக்கலாமா?

ப: வேண்டாம். இலை குறைந்தால் வேர் குட்டையாகும். அடுத்த வெயிலில் தெரியும். உயரத்தைத் தொடாமல் ரோலர் ஓட்டுங்கள், லேசாக மணல் தூவுங்கள்.

கே: (அதே நண்பர்) ரோலர் மண்ணை இறுக்கிவிடாதா?

ப: மணல் அடித்தளம் உள்ள கிரீனில், எடை குறைந்த ரோலரை வாரம் மூன்று நாள் ஓட்டினால் இறுகாது. டாலர் ஸ்பாட்கூடக் குறையும். ஈரக் களிமண்ணில் மட்டும் ஏற்றாதீர்கள்.

கே: (இன்னொருவர்) எங்கள் பழைய மேலாளர் ஒட்ட வெட்டித்தான் வேகம் கொண்டுவந்தார். கிரீனில் பந்து ஓடும் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் அளந்தே காட்டினார்.

ப: அன்றைக்கு அளந்திருப்பார். அந்தப் புல் கோடையைத் தாண்டியதா? எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் அந்தக் கருவியை வடிவமைத்தார். மைதானத்தின் 18 கிரீனும் ஒரே சீராக ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான் அது நமக்கு வேண்டும். பக்கத்து மைதானத்தோடு எண்ணில் போட்டி போட்டுப் புல்லைப் பலி கொடுக்காதீர்கள். கமிட்டியிடம் வேரை எடுத்துக் காட்டிப் பேசுங்கள்.

கே: ஃபேர்வே (முதல் அடி அடிக்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளி) மஞ்சளாகிறது. எத்தனை நிமிடம் தண்ணீர் விடலாம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். மண்ணைப் பார்க்காமல் நிமிடக் கணக்கு சொல்ல மாட்டேன்.

கே: வீட்டு முற்றத்துக்கு எந்தப் புல்?

ப: நர்சரியில் கேளுங்கள்.

கே: அண்ணா, ஆறு வருடமாகப் புல் வெட்டுகிறேன். மேலே வர என்ன வழி?

ப: மெஷினை ஓட்டுவதோடு நிற்காதீர்கள். ரீலும் (சுழலும் வெட்டுருளை) பெட்நைஃபும் (அடியில் நிலையாக இருக்கும் கத்தி) காகிதத்தைச் சுத்தமாக வெட்டும்வரை சரிசெய்யப் பழகுங்கள். மழுங்கிய பிளேடு இலையைக் கிழிக்கும். நோய் நுழைய அதுவே வாசல். அடுத்து, ஸ்பிரேயர் அளவுத்திருத்தம்: நாசில் (தெளிப்பு முனை) ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எவ்வளவு ஊற்றுகிறது என்று பிடித்து அளங்கள். மழை, வெட்டும் உயரம், உரம், மருந்து எல்லாவற்றையும் தினமும் நோட்டில் எழுதுங்கள். மேலாளர் பதவிக்கான நேர்காணலில் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும். அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய ஜிசிஎஸ்ஏஏ, பிரிட்டனில் பிக்கா ஆகிய கோல்ஃப் மைதானப் பராமரிப்பாளர் சங்கங்கள் பயிற்சி நடத்துகின்றன. அவற்றின் பாடங்களைத் தேடிப் படியுங்கள்.

கே: ஐயா, கிரீன் வாடுகிறது, தண்ணீரைக் கூட்டட்டுமா?

ப: உருளை எடுத்தீர்களா? எடுத்துவிட்டு வாருங்கள்.