லெப்பர்ட் கெக்கோ ஒரு கண்ணைத் திறக்காமலே இருக்கிறது. வீட்டில் உள்ள சொட்டு மருந்தைப் போடலாமா?

நீங்கள் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ (செல்லப் பிராணியாக வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) தோல் உரித்து நாலு நாள் ஆகிறது, வலது கண் மூடியே இருக்கிறது, இமை லேசாக உப்பியிருக்கிறது, இரையைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்த கண் சொட்டு மருந்தைப் போடலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

தயவுசெய்து போடாதீர்கள். மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில் சின்னக் கீறல் இருந்தால்கூட ஸ்டீராய்டு அதை ஆறவிடாது, புண் ஆழமாகிவிடும். கீறல் இருக்கிறதா இல்லையா என்பது வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. மருத்துவர் ஃப்ளூரசீன் என்ற சாயத்தை ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கில் பச்சையாக ஒளிரும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

இன்று இரவே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மூடியில் துளை போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளை விரித்து, கெக்கோவை அதில் 15, 20 நிமிடம் விடுங்கள். ஒட்டிய தோல் ஊறிக்கொடுக்கும். அப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத, கிருமி நீக்கிய சலைன் கரைசலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, கண் ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். வீட்டில் கலக்கிய உப்புத் தண்ணீர் வேண்டாம், கான்டாக்ட் லென்ஸ் திரவம் கூடவே கூடாது. இமைக்கு வெளியே தோல் நுனி தொங்கினால், நனைத்த பஞ்சுக் குச்சியை அதன்மேல் மெதுவாக உருட்டுங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், இடுக்கியைத் தொடவே தொடாதீர்கள்.

வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும், அது நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். கிரெஸ்டட் கெக்கோ என்ற இன்னொரு வளர்ப்புப் பல்லியும் அப்படித்தான். லெப்பர்ட் கெக்கோவுக்கோ நம்மைப் போல மூடித் திறக்கும் இமை உண்டு. அதனால் அதற்கு வரும் தொந்தரவும் வேறு: உரித்த தோலின் துணுக்கோ மணலோ பீளையோ இமைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இமையில்லாத கெக்கோக்களைப் பற்றிய ஆலோசனைகளை இதற்கு அப்படியே செய்து பார்க்காதீர்கள்.

புள்ளி என்று நான் பெயர் வைத்த என் லெப்பர்ட் கெக்கோவுக்கும் வலது கண்தான். பகலில் தூங்கும் பிராணிதானே என்று நினைத்து ஐந்து நாளை வீணாக்கினேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆறாம் நாள் ஊறவைத்து, பஞ்சுக் குச்சியால் மெல்லிய தோல் ஒன்றை எடுத்தேன். மறுநாள் கண் திறந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அதே கண் மூடிக்கொண்டது. மறுபடி ஊறல், மறுபடி சலைன், மறுபடி கொஞ்ச நாள் சரி. மூன்றாவது முறை மூடியபோதுதான் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் விளக்கடியில் இமையை மெல்ல விலக்கிக் காட்டினார். உள்ளே தந்த நிறத்தில், காய்ந்த பசைக் கட்டி போல ஒன்று இருந்தது. ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல வடியாது, கெட்டியாகத் திரண்டுவிடும். அதனால் தானாக வெளியே வர வழியில்லை, சொட்டு மருந்தும் அதைத் தாண்டிக் கண்ணுக்குப் போய்ச் சேராது. சலைனை விட்டு விட்டு இளக்கி, மழுங்கிய முனைக் கருவியால் அவர் அதை எடுத்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. எடுத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “இரைமேல் என்ன பொடி தூவுகிறீர்கள்?”

கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பொடி மட்டும்தான் தூவிக்கொண்டிருந்தேன். வைட்டமின் ஏ எதிலும் இல்லை. பூச்சிகளில் இயல்பாகவே வைட்டமின் ஏ மிகக் குறைவு. புழுக்களை வாங்கிய டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே உள்ளே போகாது. கண்ணீர்ச் சுரப்பி, அதன் குழாய், இமையின் உட்பக்கம் ஆகியவற்றை ஈரமாக வைத்திருப்பது இந்த வைட்டமின்தான். அது குறையும்போது அங்குள்ள செல்கள் தட்டையாகி, தடித்து, உதிர்ந்து, குழாயை அடைத்துவிடும். அடைத்த இடத்தில் கிருமி குடியேறும். மனிதர்களுக்கு இதே குறையால்தான் மாலைக்கண் வருகிறது. ஆகவே நான் எத்தனை முறை கண்ணைக் கழுவினாலும் அது திரும்பத்தான் வந்திருக்கும். நோய் கண்ணில் தெரிந்தது, அவ்வளவுதான். அது தொடங்கிய இடம் இரைக் கிண்ணம்.

உங்கள் கெக்கோவின் கால் விரல்களையும் உதட்டோரத்தையும் இப்போதே பாருங்கள். அங்கேயும் பழைய தோல் வளையம் வளையமாக ஒட்டியிருந்தால், ஈரப்பதமோ ஊட்டமோ குறைவு என்று பொருள். விரலில் இறுகிய வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே உதிர வைத்துவிடும்.

உடனே வைட்டமின் ஏ மாத்திரையை உடைத்து வாயில் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். இது கொழுப்பில் கரைந்து ஈரலில் சேரும் சத்து. அளவு மீறினால் நஞ்சாகும், தோல் பிய்ந்து வரும் அளவுக்குப் போகும். குறையை ஈடுசெய்யும் அளவை மருத்துவர் எடை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வழக்கமான பராமரிப்புக்கு, வைட்டமின் ஏ உள்ள பல்சத்துப் பொடியை அதன் டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில் கொடுங்கள். திறந்து ஆறு மாதம் ஆன பொடியை நான் தூக்கிப் போட்டுவிடுகிறேன், வெளிச்சத்திலும் சூட்டிலும் அதன் சத்து குறைந்துவிடும். பூச்சிகளுக்கும் இரையாவதற்கு ஒருநாள் முன்பே கேரட்டும் கீரையும் கொடுத்துவிடுகிறேன்.

தொட்டியையும் ஒருமுறை சரிபாருங்கள். சூடான பக்கத்தின் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 வாக்கில், நடுவே ஈரப் பாசி வைத்த ஒரு மறைவிடம். மணல் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, கண் ஆறும்வரை வெறும் டிஷ்யூ தாள் விரியுங்கள். தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சிகளை இரவில் உள்ளே விடாதீர்கள், அவை இமையைக் கடிக்கும். அல்பினோ (நிறமி குறைந்த) வகையாக இருந்தால் வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் சுருக்குவது அதன் இயல்பு. ஒரு கண் மட்டும் மூடுவதையும் வீங்குவதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

இரை எடுக்காததற்கு வருவோம். லெப்பர்ட் கெக்கோ பார்த்துத்தான் வேட்டையாடும். கண் தெரியாவிட்டால் பசி இருந்தாலும் பாயாது. புழுவைச் சிறு குறடில் பிடித்து, நல்ல கண் இருக்கும் பக்கமாக உதட்டில் தொட்டுக் காட்டுங்கள். நக்கிப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். வாயைப் பலவந்தமாகத் திறக்க வேண்டாம். வால் கொழுத்திருந்தால் ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிராம் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதற்குமேல் காத்திருக்காதீர்கள்.

சலைன் விட்டு இரண்டு நாளில் கண் திறக்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். கண்ணில் பூ விழுந்தாற்போல வெளுத்தாலோ, விழி பிதுங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டாலோ அந்த இரண்டு நாளும் வேண்டாம், அன்றே போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரைவிட ஊர்வன பார்ப்பவராகத் தேடுங்கள். பொடி டப்பா, தொட்டியின் படம், கடைசியாகத் தோல் உரித்த தேதி மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால், கையை மேலிருந்து இறக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். மேலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான். கண் திறந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், கண் திறந்ததைப் பார்த்துத்தான் நானும் முதல் தடவை ஏமாந்தேன்.

புள்ளியின் வலது கருவிழியில் கடுகளவு வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் புழுவை அவள் தவறவிடுவாள். அதனால் நான் எப்போதும் இடப்பக்கமாகவே காட்டுகிறேன். சட்டென்று பாய்ந்து பிடித்துக்கொள்கிறாள்.