நார்டிக் மாதிரி: வாங்குவோரும் கட்டுவோரும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஒரு மென்பொருள் நிறுவனப் பணிக்காகச் சில ஆண்டுகள் குடும்பத்தோடு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இருந்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பியிருக்கிறேன். என் மகள் அங்கேதான் பிறந்தாள். பிரசவத்துக்கு நாங்கள் செலவழித்தது பெயரளவான தொகை. மாதந்தோறும் குழந்தைக்கான உதவித்தொகை எங்கள் கணக்குக்கு வந்துவிடும். அவள் நடக்கத் தொடங்கியபோது, வீட்டுக்கு அருகிலேயே நகராட்சியின் மழலையர் பள்ளியில் இடமும் கிடைத்தது.

இதையெல்லாம் இங்கே நண்பர்களிடம் சொன்னால் ஒரே பதில்தான் வருகிறது: "அது சின்ன நாடு, ஒரே இனம், எண்ணெய்க் காசு, பரம்பரைப் பணக்கார நாடு. மற்றவர்களுக்கு ஒத்துவராது." எனக்கோ, பெரும் பணக்காரர்கள்மீது ஒழுங்காக வரி போட்டால் எந்த நாட்டிலும் இதைச் செய்துவிடலாம் என்றே தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? வேறு எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் அடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை, வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே உதிர்ந்துவிடும். ஆனால் பெரும் பணக்காரர்கள்மீது வரி போட்டால் போதும் என்று நீங்கள் சொல்வதும் ஸ்வீடனில் உள்ளபடி நடப்பதோடு பொருந்தவில்லை. முதலில் அவர்கள் கட்சியை முடித்துவிடுகிறேன்.

வட ஐரோப்பாவின் ஐந்து நார்டிக் நாடுகளில் (ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து) எண்ணெய் வளம் பெரிதாக இருப்பது நார்வேயிடம் மட்டும்தான். டென்மார்க்கிடம் ஓரளவு உண்டு. மற்ற மூன்றுக்கும் அந்தப் பேச்சே இல்லை. அந்த நார்வேயிலும், முதுமை, ஊனம், விதவை நிலை ஆகியவற்றுக்கான உதவிகளை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்த தேசியக் காப்பீடு 1967இன் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய்ப் படுகை கண்டுபிடிக்கப்பட்டதோ 1969இன் இறுதியில். பரம்பரைப் பணக்காரர்கள் என்பதும் அப்படித்தான். 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் ஃபின்லாந்து தன் மக்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவரைப் பறிகொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1920கள் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அந்த வெளியேற்றம் ஓய்வதற்கு முன்பே, 1913இல், ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லாரையும் உள்ளடக்கும் ஓய்வூதியச் சட்டத்தை ஸ்வீடன் இயற்றிவிட்டது. தொகை மிகச் சொற்பம்தான் என்றாலும், வளம் வந்து சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஒரே இனம் என்பதால் ஒற்றுமை இருந்தது என்ற வாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. 1918இல் சுமார் முப்பது லட்சம் பேரே வாழ்ந்த ஃபின்லாந்து, தனக்குள்ளேயே வலதுசாரி வெள்ளைப் படையினர், இடதுசாரிச் செம்படையினர் என்று பிரிந்து போரிட்டு, சில மாதங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அவர்களில் பலர் போர் முடிந்த பிறகு சிறை முகாம்களில் பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்கள். ஸ்வீடனோ 1920களில் உலகிலேயே மிக அதிகமாக வேலைநிறுத்தங்கள் நடந்த நாடுகளுள் ஒன்று. 1931 மே மாதம் ஓடாலன் பகுதியில் ஊர்வலம் போன தொழிலாளர்கள்மீது ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏழே ஆண்டுகள் கழித்து, 1938இல், ஸ்டாக்ஹோமை அடுத்த சால்ட்ஷோபாடன் என்ற கடற்கரை ஊரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அரசு சட்டம் போட்டுத் தலையிடுவதைவிடத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வது மேல் என்பதில் இரு தரப்புக்கும் லாபம் இருந்தது. ஆக, பரஸ்பர நம்பிக்கை முன்பே இருந்து அதிலிருந்து திட்டங்கள் பிறக்கவில்லை. சண்டையில் களைத்த இரு தரப்பார் செய்துகொண்ட ஏற்பாடு பலன் தரத் தரத்தான் நம்பிக்கை வளர்ந்தது.

இனி அந்தக் கொஞ்ச உண்மை. குடியேறிகள் வந்து சேரும்போது 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் யார் யார் அடங்குவர் என்ற கேள்வி நார்டிக் நாடுகளிலும் எழத்தான் செய்தது. புதிதாக வந்தவர்களுக்கு வழக்கமானதைவிடக் குறைந்த உதவித்தொகை என்ற ஏற்பாட்டை டென்மார்க் 2002இல் கொண்டுவந்தது. இந்த விஷயத்தில் உங்கள் நண்பர்களின் சந்தேகத்தை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன்.

சின்ன நாடு என்பதற்குச் சுருக்கமான பதிலே போதும். ஸ்வீடனில் மழலையர் பள்ளியையும் முதியோர் பராமரிப்பையும் நடத்துபவை 290 நகராட்சிகள். மருத்துவமனைகளை நடத்துபவை 21 வட்டார அமைப்புகள். எனவே, இந்தப் பணிகளைப் பொறுத்தவரை ஒப்பிட வேண்டிய அளவு நாடு அன்று, நகராட்சியும் வட்டாரமும்தான்.

இனி உங்கள் கட்சிக்கு வருகிறேன். அங்கே வாங்கிய சம்பளச் சீட்டு ஒன்றாவது உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்துப் பாருங்கள். பிடித்த வரியில் பெரும் பகுதி நகராட்சிக்கும் வட்டாரத்துக்கும் போயிருக்கும். இரண்டும் சேர்ந்து நாட்டின் சராசரி சுமார் 32 சதவீதம். இந்த வரி பேருந்து ஓட்டுநருக்கும் உண்டு, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளருக்கும் உண்டு; சில கழிவுகள் போக எல்லாரும் கட்டுகிறார்கள். நடுவண் அரசுக்கான 20 சதவீத வருமான வரி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிச் சம்பாதிப்பவர்களுக்கு மட்டுமே. கடைக்குப் போனால் ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றிலும் மதிப்புக் கூட்டு வரியின் பொது விகிதம் 25 சதவீதம்; டென்மார்க்கில் ரொட்டிக்கும் பாலுக்கும்கூட அதே விகிதம்தான். மறுபக்கம், ஸ்வீடன் தன் வாரிசு வரியை 2004இன் இறுதியோடு கைவிட்டது. ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின்மீது போடும் செல்வ வரியை 2007இல் நீக்கியது. அதிகச் சம்பளக்காரர்கள் அதிக விகிதத்தில் கட்டுகிறார்கள் என்பது மெய்தான். ஆனால் பெரும் கோடீஸ்வரர்களிடமிருந்து வசூலித்து மற்றவர்களுக்குப் பங்கிடுவது என்ற சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த நாட்டின் வரவு செலவு நமக்குப் பிடிபடவே பிடிபடாது. செலவில் பெரும் பங்கைத் தாங்குவது நடுத்தர, கீழ் நடுத்தர வர்க்கத்தின் சம்பளமும் அவர்கள் வாங்கும் பொருட்களும்தான்.

அவர்கள் எப்படி இதற்குச் சம்மதிக்கிறார்கள்? ஃபின்லாந்தின் மகப்பேற்றுப் பெட்டி இதற்கு நல்ல விளக்கம். 1938இல் தொடங்கியபோது அது வருமானம் குறைந்த தாய்மார்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1949இல் எல்லாத் தாய்மார்களுக்கும் என்று மாற்றினார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ தாய்சேய் நல மையத்திலோ பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்று. பெட்டி என்பது ஓர் அட்டைப்பெட்டிதான். உள்ளே குழந்தைக்கான உடுப்புகள், படுக்கை விரிப்பு, பனிக்கால அங்கி, நகம் வெட்டும் சிறு கத்தரி, குளிக்கும் நீரின் சூட்டை அளக்கும் வெப்பமானி. அடியில் ஒரு மெல்லிய மெத்தை இருக்கும், பொருட்களை எடுத்துவிட்டால் பெட்டியே தொட்டிலாகிவிடும். நீதிபதியின் குழந்தைக்கும் மரம் வெட்டும் தொழிலாளியின் குழந்தைக்கும் ஒரே பெட்டி. பெட்டியின் பெறுமதியைவிட முக்கியமானது, நீதிபதியின் மனைவியும் அதே மையத்தின் வரிசையில் நின்றாள் என்பது. மையம் அழுக்காகவோ மெத்தனமாகவோ இருந்தால் கேள்வி கேட்கும் குரல் அந்த வரிசையிலேயே இருந்தது.

இங்கும் ஒரு பெட்டி உண்டு. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பெட்டகம் தரும் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது, நல்ல திட்டம். ஆனால் வருமான வரி கட்டும் குடும்பங்களில் பெரும்பாலானவை பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனைக்குப் போகின்றன. வரி கட்டுபவர் அந்தப் பெட்டகத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கட்டிய வரிக்கு என்ன கிடைத்தது என்று அவர் கேட்கும்போது, அந்தக் கேள்வியை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

சம்மதம் மட்டும் போதாது, வசூலும் நடக்க வேண்டும். டேனிஷ்காரர்கள் நாணயமானவர்கள், அதனால் வரி ஏய்ப்பதில்லை என்று சொல்வார்கள். 2000களில் டென்மார்க் வரித்துறை, பல்லாயிரம் பேரின் கணக்குகளைக் குலுக்கல் முறையில் எடுத்துத் துருவிப் பார்த்தது. முதலாளியோ வங்கியோ நேரடியாக வரித்துறைக்குத் தகவல் தந்துவிடும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறத்தாழ இல்லவே இல்லை. சொந்தத் தொழில் செய்து தானே கணக்குக் காட்டும் வருமானத்திலோ ஏய்ப்பு தாராளமாகவே இருந்தது. சம்பளம் புத்தகத்தில் ஏறாத பொருளாதாரத்தில், தெருவோர வியாபாரியும் கட்டடத் தொழிலாளியும் கையில் காசு வாங்கிப் போகும் நாட்டில், இந்த மாதிரியை எந்தச் சட்டத்தாலும் அப்படியே இறக்கிவிட முடியாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: எல்லாரையும் பதிவேட்டில் வைத்திருக்கும் அரசு எல்லாருக்கும் நல்லதையே செய்யும் என்பதில்லை. அதே ஸ்வீடனில் 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை 60,000க்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது, பெரும்பாலும் பெண்கள், பலர் வற்புறுத்தலின்பேரில் இணங்கியவர்கள். இதைச் சொல்லாமல் நார்டிக் புராணம் பாடுபவர்களை நான் நம்புவதில்லை.

பெயர்த்து நடுவதற்கு மிகக் கடினமான பகுதி தொழிற்சங்கம். இந்த நாடுகள் எவற்றிலும் சட்டப்படியான தேசியக் குறைந்தபட்ச ஊதியம் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் துறைதோறும் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் ஊதியத்தை வரையறுக்கிறது. ஸ்வீடனில் பத்தில் சுமார் ஒன்பது தொழிலாளர்கள் இத்தகைய ஒப்பந்தத்தின்கீழ் வருகிறார்கள். டெஸ்லா நிறுவனம் அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால், 2023 அக்டோபரில் அதன் பணிமனை மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தார்கள். அஞ்சல் ஊழியர்கள் புதிய கார்களுக்கான எண் பலகைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். அப்படி ஆதரவாக வேலை மறுப்பது அங்கே சட்டப்படி செல்லும். இந்தப் பலம் அரசு ஆணையால் வருவதில்லை. ஒரு நூற்றாண்டு சந்தா கட்டிச் சேர்த்தது.

வேறு எங்காவது செய்து பார்த்தார்களா என்று கேட்டீர்கள். பிரிட்டனையும் கனடாவையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நம் இந்தியப் பெருங்கடலிலுள்ள இரண்டு தீவுகளைச் சொல்கிறேன்.

இலங்கை 1940களிலேயே இலவசக் கல்வியையும், அதைத் தொடர்ந்து இலவச மருத்துவத்தையும் எல்லாருக்கும் என்று ஏற்படுத்தியது. எழுத்தறிவிலும் ஆயுளிலும் தன்னைவிடப் பன்மடங்கு பணக்கார நாடுகளோடு அது நின்றதற்கு அதுவே காரணம். கொடுக்கும் பக்கம் இப்படி இருக்க, கட்டும் பக்கம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. 2019இன் இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021இல் மொத்த வரி வருவாய் உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. டென்மார்க்கில் அது 40 சதவீதத்துக்கு மேல். 2022இன் திவாலுக்குக் கடன், பெருந்தொற்று, உரத் தடை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மருந்தில்லாமல் நின்ற அரசு மருத்துவமனைகளுக்குப் பின்னால் இந்த வரிக் கணக்கும் இருந்தது.

மொரிஷியஸ் வேறு வகை. இந்திய வம்சாவளியினர், ஆப்பிரிக்க வம்சாவளியினர், சீனர், பிரெஞ்சுக்காரர் என்று பல இனத்தார் வாழும் தீவு. விடுதலை பெற்ற 1968ஆம் ஆண்டிலேயே தலைநகரில் இனக் கலவரம் நடந்தது. புதிய பணத்தாளில் தமிழ் எழுத்துக்கு மேலே இந்தி எழுத்து வந்துவிட்டது என்று 1998இல் தமிழர்கள் கொதித்தெழுந்து, அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற நேர்ந்த நாடு. இத்தனைக்கும் நடுவே, முதியோர் எல்லாருக்கும் ஓய்வூதியம் என்பதை 1958இல், கரும்பைத் தவிர வேறு வருமானம் இல்லாத காலத்திலேயே, அது கொண்டுவந்தது. இடையில் வருமான வரம்பு வைத்துச் சிலரை விலக்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 2004இல் மறுபடி முயன்ற அரசு அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றது. புதிய அரசு வரம்பை நீக்கிவிட்டது. உங்கள் நண்பர்களின் நான்கு காரணங்களில் 'சின்ன நாடு' ஒன்றைத் தவிர வேறெதுவும் மொரிஷியஸுக்குப் பொருந்தாது.

ஆகவே நார்டிக் மாதிரியில் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பாகங்கள் உண்டு என்பதே என் எண்ணம். முதியோர் ஓய்வூதியம், குழந்தைக்கான உதவித்தொகை, பள்ளி உணவு, தாய்சேய் மையம் ஆகியவற்றைச் சுமாரான வரி வருவாய் உள்ள நாடும் 'எல்லாருக்கும்' என்று தொடங்கலாம். தொகை சிறிதாக இருந்தால் இருக்கட்டும், வருமானச் சான்றிதழ் கேட்டு ஆட்களை வடிகட்ட வேண்டாம். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் அளவுக்குப் போக வேண்டுமானால் கோபன்ஹேகன் அளவுக்கு எல்லாரும் கட்ட வேண்டும், அதற்குச் சம்பளங்கள் கணக்கில் ஏற வேண்டும். அது ஒரு தலைமுறை வேலை.

மொரிஷியஸும் இப்போது அந்த வாசலில்தான் நிற்கிறது. ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்தப்போவதாக 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்ததும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. முதியோர் பெருகிவரும்போது 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் சமாளிப்பது என்பது அவர்களுடைய கணக்கு. ஸ்வீடன் இதையொத்த கணக்கை 1990களின் நெருக்கடியில் போட்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று ஐந்து கட்சிகள் 1994இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மக்களின் சராசரி ஆயுள் கூடக் கூட மாத ஓய்வூதியம் அதற்கேற்பக் குறையும்படி திட்டத்தையே மாற்றி எழுதின. அந்த மாற்றத்தில் தாங்கள் இழந்தது அதிகம் என்று குறைபட்டுக்கொள்ளும் ஓய்வூதியர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

அன்புடன்.