ஏரிக்குக் கீழே ஊர்: சென்னை பரந்த கதை, கேள்வி பதில்

சென்னை எப்படி இவ்வளவு அகலமானது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலப்பயன்பாட்டு வரைபடம் போடுவதுதான் என் இருபது வருடப் பிழைப்பு. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள், 1,189 என்கிறார்கள், இப்போது 5,904. எது சரி சார்? (அம்பத்தூர்)

மூன்றும் சரி. ஆனால் மூன்றுமே கட்டடம் நிற்கும் பரப்பு இல்லை. 426 என்பது மாநகராட்சி எல்லை. 2011இல் உங்கள் அம்பத்தூர் உட்பட 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தபோது 174 ஒரே நாளில் 426 ஆனது. அன்றைக்கு ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இலேயே வந்துவிட்டது, மாநகராட்சிதான் தாமதம். 1,189 என்பது திட்டமிடலுக்கான பெருநகரப் பகுதி. அதைத்தான் 2022இல் 5,904 ஆக்கினார்கள். அதற்குள் இன்னமும் நெல் நடுகிற கிராமங்கள் ஏராளம். எல்லை என்பது சட்டை அளவு, உடம்பு அளவு வேறு.

அப்போ உடம்பை எப்படி அளப்பீர்கள்? (நங்கநல்லூர்)

1970களிலிருந்து லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் இருக்கின்றன. இப்போது நாங்கள் அதிகம் பயன்படுத்துவதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்மூர்க் கணக்கில் சுமார் நாலு கிரவுண்ட். அந்த நாலு கிரவுண்டுக்குள் மாடி வீடு, வேப்பமரம், தகரக் கொட்டகை எல்லாம் கலந்து கிடக்கும். எது மேலோங்குகிறதோ அதன் பெயரில் கட்டத்தை எழுதுவோம். இதில் வம்பு எங்கே என்றால், கோடையில் காய்ந்த ஏரித்தரையும் கான்கிரீட்டும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மின்னும். மே மாதப் படத்தை மட்டும் நம்பினால் செம்பரம்பாக்கத்துக்குள் ஒரு டவுன்ஷிப் முளைத்திருக்கும்! அதனால் மழை முடிந்த ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுப்போம்.

எங்கள் தெரு இருக்கும் இடம் ஏரியாக இருந்தது என்று தாத்தா சொல்வார். நிஜமா? (மேற்கு மாம்பலம்)

நிஜம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920களில் அதை வடித்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரியில்தான். 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் மாம்பலம் நிரம்பிவிட்டது. உங்கள் பக்கத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, வியூவும் இல்லை, லேக்கும் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் உண்மை பேசுகிறது.

1996இல் மனை வாங்கினோம். அப்போது சுற்றிலும் வயல், ஏரி கொஞ்சம் தள்ளி இருந்தது. நாங்கள் ஏரியை ஆக்கிரமிக்கவில்லை. பிறகு ஏன் மழைக்கு மழை எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர்? (மேடவாக்கம்)

வந்த கேள்விகளில் இதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். சென்னை தெற்கிலும் மேற்கிலும் பரந்தது முழுக்க அந்த ஏரிகளின் மேல்தான். ஆனால் ஏரிக்குள் வீடு கட்டியதுதான் கோளாறு என்று எல்லோரும் நினைக்கிறோம். படங்களை வருட வாரியாக அடுக்கினால் வரிசை வேறு. முதலில் போவது ஏரி இல்லை, ஆயக்கட்டு. அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல். ஆயக்கட்டு எப்போதும் கரைக்கு வெளியே, ஏரித்தரையைவிடத் தாழ்வாக இருக்கும். தண்ணீர் தானாக ஓடி வரவேண்டும் என்றே தேர்ந்தெடுத்த நிலம் அது. பட்டா நிலம், சட்டப்படி விற்கலாம், பார்க்கச் சமதளம், புரோக்கருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வயல் மனையானதும், ஏரித் தண்ணீரை வயலுக்கு விடும் மதகைத் திறக்க ஆளில்லை. மதகு தேவையில்லை என்றால் வாய்க்காலும் தேவையில்லை, அது இருபதடி ரோடாகிவிடும். விவசாயி இல்லாத ஏரிக்குக் கரையை மராமத்து பார்க்க யார் வருவார்? ஏரி மேடாகி, மூன்றாவது கட்டமாகத்தான் அதற்குள் குடிசையும் குப்பையும் நுழைகிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு நகரில், பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதகைத் தேடி அலைந்தேன். கடைசியில் இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே அந்தக் கல்தூண்கள் நின்றன. குறுக்கே கொடி கட்டிப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயப்போட்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் என்ற வழிந்தோடும் வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், உங்கள் பக்கத்துச் சங்கிலி பள்ளிக்கரணையில் முடியும். அந்தச் சதுப்பு நிலத்தையே குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் சுற்றிச் சுற்றிக் கடித்துவிட்டன. 2022இல் ராம்சார் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது மிச்சம் இருந்த சுமார் 1,248 ஹெக்டேர்.

ஆக, அம்மா, உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வழிதவறி வரவில்லை.

ஜனத்தொகை கூடினால் ஊர் பெரிதாகத்தானே செய்யும்? (போரூர்)

அப்படி நேர்க்கணக்காக இல்லை. பழைய மாநகராட்சி எல்லைக்குள் 2001இல் 43.4 லட்சம் பேர், 2011இல் 46.5 லட்சம். பத்து வருடத்தில் மூன்று லட்சம்தான். அதே பத்து வருடத்தில்தான் உங்கள் போரூரும் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையும் அடையாளம் தெரியாமல் மாறின. அந்தச் சாலையில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தது 2000இல். வேலை வெளியே போனது, வீடும் பின்னாலேயே போனது. போதாததற்கு, பத்துப் பேர் இருந்த ஒரு வீடு இன்று மூன்று ஃபிளாட்.

வடசென்னை மட்டும் ஏன் வளரவில்லை? (திருவொற்றியூர்)

வளர்ந்தது. எண்ணூர், மணலி ஆலைக் கூரைகளும் எங்கள் கணக்கில் கட்டடம்தான். வளராதது முதலீடு. என் அபிப்பிராயம் இது: புகையை அங்கே அனுப்பிவிட்டு, பூங்காவை இங்கே வைத்துக்கொண்டோம்.

மனை வாங்கும்போது எதைப் பார்ப்பது? ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ போதுமா? (படப்பை)

போதாது. 2016இல் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். ஆனால் முறையான அங்கீகாரம் இருந்தாலும் மேடு பள்ளம் மாறாது. அ-பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கில் நன்செய் என்று இருந்தால் எந்த ஏரிப் பாசனம் என்று கேளுங்கள். நிலத்தின் அளவுப் படமான புலப்படத்தில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள்.

எங்கள் ஊர் எப்போது சென்னை ஆகும்? (கூடுவாஞ்சேரி)

பஸ் ஸ்டாண்டைப் பாருங்கள். பிராட்வேயிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்குப் போனபோது ‘ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்’ என்று திட்டினோம். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தபோதும் வார்த்தை மாறாமல் அதே திட்டு. கிளாம்பாக்கம் உங்களுக்கு நாலைந்து கிலோமீட்டர். வெளியூர்க் கல்யாணத்தில் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் நீங்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள்?