எர்த்ஸீ மந்திரவாதி நாவலைப் பெரியவர்கள் வாசிக்கலாமா?

உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' சிறுவர் கதை என்கிறார்களே, நாற்பது வயதில் வாசித்தால் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாசியுங்கள். 1968இல் அது இளம் வாசகர்களுக்காகத்தான் வெளிவந்தது. நான் முப்பதைத் தாண்டிய பிறகுதான் படித்தேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூரை அடித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. பகலெல்லாம் விழுந்த மரத்தை வெட்டி அகற்றுவதும் தண்ணீருக்கு அலைவதும்தான் வேலை. ராத்திரியில் மெழுகுவர்த்தியும் நண்பரிடம் இரவல் வாங்கிய இந்தப் புத்தகமும்.

கதை இதுதான். எங்கு பார்த்தாலும் தீவுகளாக இருக்கும் ஓர் உலகம். அதில் கோன்ட் தீவில் ஆடு மேய்க்கும் தாயில்லாப் பையன் ஒருவன் மந்திரம் படிக்க ரோக் தீவுக்குப் போகிறான். கூடப் படிப்பவன் சீண்டியதில் வீம்புக்கு, என்றோ செத்துப்போன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அவள் வந்த வழியாகவே ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதற்குப் பிறகு அந்த நிழலுக்கும் அவனுக்கும் நடக்கும் துரத்தல்தான் கதை. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பெயர் விஷயம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. உங்கள் மெய்ப்பெயர் தெரிந்தவர் கையில் உங்கள் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பாட்டி விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார், 'பூச்சி' என்பார். தாத்தாவின் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் என் தோளைத் தொட்டு, "நீ சொல்லுப்பா" என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த நாவலின் மந்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர் ஒரு மானுடவியலாளர். கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எல்லோரும் அழிந்து தனியாளாக மிஞ்சிய ஒருவர் 1911இல் வெளியே வந்தபோது, அவரோடு பழகி ஆராய்ந்தவர். அந்த மனிதர் தன் பெயரைக் கடைசிவரை அவர்களிடம் சொல்லவே இல்லை. 'இஷி' என்று கூப்பிட்டார்கள். மனிதன் என்று பொருள். லெ குவினின் அம்மா 1961இல் அவரைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இது தெரிந்த பிறகு, நாவலில் ஒரு நண்பன் தன் மெய்ப்பெயரைத் தானாக முன்வந்து சொல்லும் பக்கத்தை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.

அடுத்தது மழை. பையனின் முதல் குரு ஓகியனுக்கு மேகத்தைத் தள்ளிவிடத் தெரியும். ஆனால் மழையை அதன் போக்கில் விட்டுவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பையன் சொட்டச் சொட்ட நனைந்து கடுப்போடு உட்கார்ந்திருக்கிறான். இங்கே வரவழைக்கும் மழை வேறொரு தீவில் வறட்சி ஆகலாம் என்று பின்னால் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் ரேடியோவை வைத்துக்கொண்டு, புயல் நம் பக்கம் வேண்டாம், வேறு பக்கம் போகட்டும் என்று நானும் வேண்டியிருக்கிறேன். அந்த வேறு பக்கத்திலும் கூரை வீடுகள் இருக்கின்றன என்பது அந்த ராத்திரியில்தான் உறைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சின்னப் படகுப் பேரம். கண்புரை விழுந்த ஒரு கிழவரின் பழைய படகை நம் பையன் கெட் வாங்குகிறான், அவர் கண்ணையும் குணப்படுத்துகிறான். படகுக்கு லுக்ஃபார் (தூரம் பார்) என்று பெயர் வைத்து, முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்துகொள், என் நன்றி அந்தக் கண் வழியாக உனக்குப் பாறையைக் காட்டிக்கொடுக்கும் என்கிற மாதிரி பெரியவர் சொல்கிறார். தாழங்குடாவில் கட்டுமரம் ஏறின என் தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிக் கட்டு பிரித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் எடுத்துப் பார்த்தது வலையைத்தான். ஒரு கண்ணியை விரலில் மாட்டி முகத்துக்கு நேரே பிடித்து, முடிச்சு முடிச்சாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறையும் உண்டு. மந்திரப் பள்ளியில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். பெண்களின் மந்திரத்தைப் பலவீனத்துக்கும் கெடுதலுக்கும் பழமொழியாகவே சொல்கிறார்கள். இத்தனைக்கும் பையனுக்கு முதல் மந்திரம் சொல்லிக்கொடுத்ததே அவன் அம்மாவின் சகோதரி! இது என்னை உறுத்தியது. ஆசிரியரையும் உறுத்தியிருக்க வேண்டும், 1990இல் வந்த 'தெஹானு' நாவலில் இதே உலகத்தைப் பெண்ணின் பக்கமிருந்து மறுபடி எழுதினார். ஆனால் நிறத்தில் முதலிலிருந்தே தெளிவாக இருந்தார். நாயகன் செம்பழுப்பு, நண்பன் கறுப்பு, கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளை. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் நாயகனை வெள்ளையனாக்கியபோது வெளிப்படையாகக் கண்டித்தும் எழுதினார்.

ஆங்கிலம் கடினமில்லை, புத்தகமும் சிறியது. தீவுப் பெயர்கள்தான் முதலில் குழப்பும். முன்னால் இருக்கும் வரைபடத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் மூடுபனி வரும் இடம்வரை கீழே வைக்காமல் படித்துவிடுங்கள்.